இடப்பக்கம், வலப்பக்கம்

இரவு பதினொன்று. ப்ர்னோவில்
கடைசிக்கு முந்தைய டிராம் வளைவில் கிறீச்சிட்டுப் போகிறது.
என் திரையை நடுவே பிளந்து வைத்திருக்கிறார்கள்.
இந்தப் பக்கம் ஒரு தேடுபொறி, அந்தப் பக்கம் இன்னொன்று.
பெயரை உரித்துவிட்டார்கள். நிறத்தையும்.
இறகு பிடுங்கிய கோழியைக் காட்டி
எந்த வீட்டுக் கோழி என்று சொல்லாமல்
எது மேல், அதை மட்டும் சொல் என்கிறார்கள்.

விடைக்கு ஏழு படி.
இடம் மிக மேல், இடம் மேல், இடம் சற்றே மேல்,
இரண்டும் ஒன்றே,
பிறகு அதே ஏணி வலப்பக்கமாக இறங்கும்.
ஒரு தீர்ப்புக்கு மூன்று நிமிடம், எட்டு கொருனா.
அதற்கு மேல் யோசித்தால் அது என் சொந்தச் செலவு.

இன்று மாலை முதல் பார்த்தவை:
குளிர்காலச் சக்கரம் எப்போது மாற்றணும்.
இடப்பக்கம் ஏழு கடை, வலப்பக்கம் ஒரு தேதி.
வலம் மேல்.
கறுப்புப் பூனை தும்முகிறது.
இரண்டு பக்கமும் ஒரே கட்டுரை,
ஒன்றிடமிருந்து ஒன்று திருடியது,
‘மூக்கு’ என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை.
பானைக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இங்கே ஒரே சோற்றை இரண்டு பானையில் போட்டிருந்தார்கள்.

அப்புறம் அது வந்தது.
எழுத்துகளின் தலையில் ஒரு கொக்கிகூட இல்லை;
எங்கள் மொழியில் அவசரக்காரர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

வெள்ளை காளான் சாப்பிட்டாச்சு
இனிப்பு வாசம் எத்தனை மணி நேரம்

கேள்விக்குறியும் இல்லை.

இடப்பக்கம் சட்டென்று விரிந்தது.
பாலாடைக் குழம்பில் காளான், ஐந்து நட்சத்திரம்,
இருபதே நிமிடத்தில் தயார்.
எத்தனை மணி நேரம் என்றதைச்
சமைக்கும் நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.
அடுத்து பிரம்புக் கூடை விற்பனைக்கு.
அடுத்து படங்கள், பனியில் நனைந்த தொப்பிகள்,
அழகு, பொய் சொல்லக் கூடாது, நல்ல அழகு.

வலப்பக்கமும் முதலில் ஒரு குழம்புதான்.
மூன்றாவதாக ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய பக்கம்,
சாம்பல் நிறம், பொடி எழுத்து.
திறக்க ஒன்பது விநாடி. எண்ணினேன்.
ஆறு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது என்றது.
மறுநாள் தேறியது போலிருக்கும், நம்பாதே என்றது.
கீழே ஒரு தொலைபேசி எண்.

செப்டம்பரில் நானும் காட்டுக்குப் போகிறவள்தான்.
கத்தியால் தண்டை அறுத்தால் கூடைக்கு மண் வராது.
ஆனால் எது கொல்லும் என்பதைச் சொல்லும் பை
அடியில், மண்ணுக்குள் நின்றுவிடும்.

வலம் மிக மேல். குத்தினேன்.
காரணம் எழுது என்ற கட்டத்தில்
‘அந்த எண்’ என்று மட்டும் எழுதினேன்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது:
பொஹ்தானா வ்ர்ஸலோவா, உங்கள் தீர்ப்பு
பெரும்பான்மையிலிருந்து விலகியுள்ளது.
மற்ற நால்வர் சொன்னது: இடம் சற்றே மேல்.
வேகம், தெளிவான படங்கள், புதுமை.
விரும்பினால் திருத்திக்கொள்ளலாம்.

ஒலொமோட்ஸிலிருந்து இதே வேலை பார்க்கும் க்வீதோவை அழைத்தேன்.
நானும் அந்த நாலில் ஒருத்தன் என்றான்.
வலப்பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, நான் நிற்கவில்லை.
பிறகு கொஞ்ச நேரம் அவன் வீட்டுக் குழாய்ச் சத்தம்.
பொஹ்தானா, இதெல்லாம் பழைய கேள்விகள்.
இரண்டு மூன்று மாதம் இருக்கும்.
கேட்ட ஆள் இரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருப்பார்.

எதை என்று
எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.
அவர்களுக்கே தெரியுமோ என்னவோ.

நான் திருத்தவில்லை.
மதிப்பெண் தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு வந்தது.
எண்பத்தைந்துக்குக் கீழே போனால் கதவைச் சாத்துவார்கள்.

அடுத்த கேள்வி:
சிவப்புச் செருப்பு, முப்பத்தெட்டு அளவு.
இடப்பக்கம் சிவப்புச் செருப்புகள்.
வலப்பக்கமும் சிவப்புச் செருப்புகள்.
இரண்டும் ஒன்றே என்று குத்தினேன்,
ஒவ்வொரு பக்கத்தையும் முழுக்கத் திறக்கவிட்டு,
மூன்று நிமிடத்தையும் எடுத்துக்கொண்டு.